மண்டோர் ஸ்டானிஸ்லாஸ் நீச்சல் பழகிய கதை

பண்டமாரானில் நாகையா யார்டு எங்கே என்று கேட்டால் கிள்ளானில் எல்லாரும் வழி சொல்வார்கள். அந்த நாகையா நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே ஒரு பழைய லோரியை வாங்கி, நானே ஓட்டி, நானே அடியில் படுத்துப் பழுது பார்த்து, இன்றைக்குத் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கிற கம்பெனி வைத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. படித்தவர்கள் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். என் பெயர் லோரிக் கதவில் இருக்கிறது.

லோரி முதலாளிகள் சங்கத்து மலருக்கு எழுதச் சொல்லி வந்தவர்கள், "உங்களப் பத்தி வேணாம் அங்கிள், உங்ககிட்ட வேல செய்யற ஒருத்தரப் பத்தி எழுதுங்க" என்றார்கள். என்னைப் பற்றித்தான் ஊருக்கே தெரியுமே. ஆகவே ஸ்டானிஸ்லாசைப் பற்றி எழுதுகிறேன். என் யார்டில் டிரைவர்களை மேய்க்கிறவன் அவன். முகத்துக்கு நேரே அவர்கள் அவனை அண்ணே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மண்டோர். தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கினாரே, அந்த மண்டோர்.

உண்மையில் அவன் தோட்டத்துப் பிள்ளை இல்லை. அப்பாவுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே வேலை. ரயில் வருகிற நேரத்துக்குச் சோறு, ரயில் போகிற நேரத்துக்குத் தூக்கம் என்று வளர்ந்த வீடு. அதனாலோ என்னவோ அவனுக்கு எதற்கும் பொறுமை கிடையாது. லோரி கேட்டுக்குள் நுழையும் முன்பே இவன் கேட்டில் நிற்பான். போனில் ஒருவனைத் திட்டிக்கொண்டே கையால் இன்னொருவனை விரட்டுவான். அந்த வேகத்துக்காகத்தான் அவனை என்னிடம் சேர்த்தேன். சேர்க்கும்போது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இன்றைக்கு அறுபதை நெருங்குகிறான்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. புது டிரைவர் வந்தால் முதல் நாள் காலையில் டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் காட்ட வேண்டும். பின்னால் எடுப்பதை நாங்கள் கோஸ்தான் என்போம். இரண்டு எண்ணெய் டிரம்முக்கு நடுவில், காலிக் கண்டெய்னரோடு கோஸ்தான் அடித்து நிறுத்த வேண்டும். காரைப் பின்னால் எடுக்கிற மாதிரி இல்லை இது. வால் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். தெரிந்தவனுக்கே சில நாள் கை குழம்பும். இதைச் செய்யும்போது மற்ற டிரைவர்கள் எல்லாரும் தே தாரிக் குடித்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். ஸ்டானிஸ்லாஸ் பக்கத்திலேயே நடந்து, கண்டெய்னர் தகரத்தில் உள்ளங்கையால் பட பட என்று அடித்து, "கீரி! கானான்! கீரிடா, கீரி!" என்று மலாயில் இடது வலது கத்துவான். டிரம் விழுந்தால் புது ஆள் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும். நடுவில் இறங்கிப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. "எறங்கிப் பாக்கறவன் டிரைவர் இல்ல" என்பது ஸ்டானிஸ்லாஸ் போட்ட சட்டம்.

நான் அந்தக் காலத்தில் துறைமுகத்தில் இதைவிடக் குறுகலான இடத்தில், மழையில், ஒரு கண்ணாடி உடைந்த வண்டியை ஒரே எடுப்பில் ஏற்றியவன். பார்த்த ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். ஆகையால் இந்தச் சோதனை எனக்குத் தப்பாகவே தெரியவில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. முன்பெல்லாம் திட்டு வாங்கிய பையன் மறுநாளும் வருவான். இப்போது வீட்டுக்குப் போய் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற வேலையில் சேர்ந்துவிடுகிறான். போன வருஷம் வந்த புது டிரைவர்களில் பாதிப் பேர் ரொட்டி வாங்கிக் கொடுத்த அன்றோடு சரி. யார்டில் ஓட்ட ஆளில்லாமல் வண்டிகள் நின்றன. நிற்கிற லோரியைப் பார்த்தால் என்னால் உட்கார முடியாது. மாடியில் ஆபீஸ் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

இதற்கிடையில்தான் ஸ்டானிஸ்லாசின் முழங்கால் கெட்டது. டாக்டர் நடையைக் குறைத்து நீந்தச் சொல்லிவிட்டார். அவன் மனைவி உர்சுலா அவனைக் கேட்கவே இல்லை. பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித்தருகிற வகுப்பில் தன் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்துப் பதிந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வகுப்பு. சொல்லித்தருகிறவர் மிஸ் யாப் என்கிற சீன அம்மா. ஆள் குள்ளம், குரல் அதைவிடச் சின்னது.

இரண்டு வாரம் கழித்து உர்சுலா எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்களாவது வந்து சொல்லுங்க. இவரு தண்ணிக்குள்ள எறங்குனதும் அங்க இருக்கற ஆன்டிங்கள எல்லாம் வரிசையில நிக்க வெக்கறாரு. டீச்சரையே வேல வாங்குறாரு."

எனக்கு வேடிக்கை பார்க்க ஆசை. போனேன். என் யார்டில் புலி மாதிரி திரிகிறவன், இடுப்பளவு தண்ணீரில் ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், கொஞ்சம் கொஞ்சமா வேணாம். எல்லா ஸ்டெப்பையும் ஒரே தடவையா சொல்லுங்க, நான் செஞ்சிடறேன்" என்று மிஸ் யாப்பிடம் ஆங்கிலத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், இங்க நான்தான் பாஸ்" என்றார் அந்த அம்மா. "முகத்தைத் தண்ணியில வைங்க. மூச்சை விடுங்க. அவ்வளவுதான் இன்னிக்கு. பெலான் பெலான்."

பெலான் பெலான் என்றால் மெதுவாக, மெதுவாக. அந்தச் சொல்லை அவன் வாழ்க்கையில் யாரும் அவனிடம் சொன்னதில்லை. முகத்தை வைத்தான், உடனே எடுத்தான், இருமினான். மறுபடி வைத்தான், எடுத்தான். அவனுக்குப் பக்கத்தில் உர்சுலா வாழை இலை மாதிரி மிதந்து போனாள். போகிற போக்கில், "என்னங்க, டிராபிக் ஜாமா?" என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சிரிக்கவில்லை.

"தல உள்ள போனா அவங்க சொல்றது ஒண்ணும் கேக்கல அண்ணே. கேட்டாலும் கை ஒரு பக்கம் போவுது, கால் ஒரு பக்கம் போவுது. எனக்கா இப்படி?"

"வயசாச்சு லா" என்றேன்.

"வயசு இல்லண்ணே. பயம்."

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இப்போது யோசித்தால் விஷயம் புரிகிறது. ஒரு ஆள் மேலே வர வர, தெரியாத வேலை அவன் பக்கமே வருவதில்லை. கம்ப்யூட்டர் தெரியாதா, ஒரு பெண்ணை வேலைக்கு வை. சட்டம் தெரியாதா, வக்கீலைக் கூப்பிடு. தெரியாததை எல்லாம் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு, தெரிந்ததை மட்டும் செய்துகொண்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி உலாத்துகிறோம். இப்படியே வருஷக்கணக்கில் போனால், ஒன்றும் தெரியாமல் நாலு பேர் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பது சுத்தமாக மறந்துவிடும். நான் மறக்கவில்லை என்று வையுங்கள், எனக்கு ஞாபகசக்தி அதிகம். ஸ்டானிஸ்லாசுக்கு மறந்திருந்தது. தண்ணீர் அதை ஞாபகப்படுத்தியது.

ஆனால் ஞாபகம் வந்ததும் ஆள் மாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். கூடுதலாகக் கெட்டான். ஞாயிற்றுக்கிழமை விழுங்கிய தண்ணீரைத் திங்கட்கிழமை யார்டில் வந்து துப்பினான். நீச்சல் பழகுவதை எந்த டிரைவரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஆகியும் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அகலவாட்டில் கூட அவனால் போக முடியவில்லை. அந்த எரிச்சல் எல்லாம் தகரத்தில் விழுந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பெர்னிஸ் வந்தாள். முப்பது வயதுப் பெண். சுங்கை பூலோவில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், பிறகு டிரெய்லர் லைசன்ஸ் எடுத்திருந்தாள். என் யார்டுக்கு வந்த முதல் பெண் டிரைவர். அவளை எடுத்தது நான். எந்த ஆபீசிலும் உட்கார்ந்து ஆலோசனை கேட்கவில்லை, பார்த்ததும் எடுத்தேன். ஆளை எடைபோடுவதில் நான் தப்பியதில்லை.

முதல் நாள் காலை. டிரம் இரண்டும் வைத்தாயிற்று. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம், வேறு யார்டிலிருந்து கூட வந்திருந்தார்கள். பெர்னிஸ் வண்டியைக் கொண்டுவந்து நேராக நிறுத்தி, கண்ணாடியில் பார்த்துவிட்டு, கதவைத் திறந்தாள்.

"அங்கிள், ஒரு தடவ எறங்கிப் பாத்துக்கட்டுமா?"

"எறங்கிப் பாக்கறவங்க டிரைவர் இல்லம்மா! ஏறு, ஏறு! கோஸ்தான்!"

தகரத்தில் அடி விழ ஆரம்பித்தது. கீரி என்று ஸ்டானிஸ்லாஸ், கானான் என்று பாலன். பாலன் எங்கள் மூத்த டிரைவர், வாய்க்குப் பூட்டில்லாதவன். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க பின்னால இல்ல தங்கச்சி, தைரியமா வா!" என்று இன்னொருவன். முதல் டிரம் உருண்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அவள் முன்னால் எடுத்து மறுபடி வந்தாள். இரண்டாவது டிரம்மும் போனது.

எஞ்சினை அணைத்தாள். இறங்கி வந்து சாவியை ஸ்டானிஸ்லாஸ் கையில் வைத்தாள். எதிர்க் கடைக்குப் போய் எல்லாருக்கும் ரொட்டி வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள்.

"சட்டப்படி ரொட்டி வந்திருச்சு. நான் கெளம்பறேன்."

யாரும் ரொட்டியைத் தொடவில்லை. நான் மாடியிலிருந்து ஓடிவந்து கேட்டில் அவளைப் பிடித்தேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்த காவலாளி எழுந்து நின்றுவிட்டான்.

"எங்கம்மா போற? ரெண்டு டிரம்முக்காகவா?"

"அங்கிள், எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். அந்தச் சத்தத்துல எனக்கு எது எடது எது வலதுன்னே தெரியல. அங்க போர்ட்டுல பின்னால ஆளு நின்னிருந்தா என்ன ஆவும்? எறங்கிப் பாக்கக் கூடாதுன்னு சொல்ற எடத்துல நான் ஓட்ட மாட்டேன்."

அடுத்த திங்கட்கிழமை இன்னும் ஒரே ஒரு தடவை வந்து பார் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் லோரி நிற்கும்போது முதலாளி எதையும் செய்வான். வருகிறேன், அதுவும் இப்படித்தான் என்றால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

நேரே ஸ்டானிஸ்லாசிடம் போனேன்.

"ஸ்டானி, திங்கக்கெழம அந்தப் பொண்ணு இதே மாதிரி கெளம்பிப் போனா, நீயும் அவ பின்னாலேயே போயிடு."

அவன் என்னைப் பார்த்தான். "இத்தன வருஷத்துக்கு அப்புறமா, அண்ணே?"

"ஆமா."

சொன்னால் சொன்னதுதான், என்னை எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க யார்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஸ்டானிஸ்லாஸ் கத்துவதை நிறுத்திவிட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது. பேசாமல் நடந்தான். டயர் அடுக்கின பக்கம் போவான், திரும்புவான், கேட்டுக்குப் போவான், திரும்புவான். "சத்தம் போட்டாலாவது மனுஷன் எங்க இருக்காருன்னு தெரியும்" என்றான் பாலன். நான் மேலே நடந்தேன், அவன் கீழே நடந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கீழே பெரிய சிரிப்புச் சத்தம். படிக்கட்டில் நின்று பார்த்தேன். பாலன் போனைச் சுற்றி எல்லாரும் குனிந்திருந்தார்கள். பாலனின் கொழுந்தியாளும் அதே நீச்சல் வகுப்பில் இருந்திருக்கிறாள், யாருக்கும் தெரியாமல் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். படத்தில் ஸ்டானிஸ்லாஸ், சின்னப் பிள்ளைகள் பிடிக்கிற மஞ்சள் மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை அடிக்கிறான். தண்ணீர் கூரை வரை தெறிக்கிறது, ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறான். உர்சுலா அவனைக் கடந்து போகிறாள், திரும்பி வந்து மறுபடியும் கடந்து போகிறாள். யாரோ அதற்கு மேளம் வேறு சேர்த்திருந்தார்கள்.

"மண்டோருக்கு பிரேக் புடிச்சிக்கிச்சு பாரு!"

"ஹேண்ட் பிரேக்க எறக்குங்கண்ணே!"

அப்போது ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றான். ஒவ்வொருவராக அடங்கினார்கள். பாலனிடம் கையை நீட்டினான். பாலன் போனைக் கொடுத்தான். போன் சுவரில் போய் உடையப்போகிறது என்று நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் படத்தைக் கடைசி வரை பார்த்தான். மேளம் முடிகிற வரை பார்த்தான்.

"இதுல சரியாத் தெரியல" என்றான். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நேர்ல வாங்க. எல்லாரும்."

"அண்ணே, சும்மா வெளையாட்டுக்கு..."

"நானும் வெளையாட்டுக்குத்தான் கூப்பிடறேன். வராதவன் எவனும் திங்கக்கெழம அந்தப் பொண்ணு வண்டி எடுக்கறப்ப யார்டுல நிக்கக் கூடாது."

பிறகு என் முன்னாலேயே பெர்னிசுக்குப் போன் போட்டு அவளையும் கூப்பிட்டான்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஸ்டானி, இது தப்பு. அவனுங்க முன்னால ஒரு தடவ முழுகினா, திங்கக்கெழம உன் பேச்ச எவன்டா கேப்பான்?"

"இப்ப மட்டும் எவன் கேக்கறான் அண்ணே? பயப்படறான், அவ்ளோதான்." ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தான். "அவள நாம எல்லாரும் நின்னு பாத்தோம் இல்ல? என்னையும் பாக்கட்டும். பாத்துட்டு அவளே முடிவு பண்ணட்டும்."

ஞாயிற்றுக்கிழமை குளத்தின் ஓரத்துப் படிகளில் என் டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பெர்னிஸ் கடைசியில் தனியாக உட்கார்ந்தாள். மிஸ் யாப் அவர்களைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க ஃபேமிலியா?" என்று கேட்டார்.

"என் டிரைவருங்க, டீச்சர்."

"தாக் அப்பா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். உர்சுலா மட்டும் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் அன்று தண்ணீரில் இறங்கவே இல்லை.

ஸ்டானிஸ்லாஸ் படிகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை. இதுவரைக்கும் ஒரு தடவ கூட நான் போனதில்ல."

பலகை இல்லாமல் கிளம்பினான். நாலைந்து வீச்சு ஒழுங்காகத்தான் போனது. பிறகு இடுப்பு இறங்கத் தொடங்கியது. அவ்வளவுதான், படியில் வாய்ப்பூட்டு உடைந்தது.

"காலை அடிங்கண்ணே, காலு!"

"கீரி! கீரி!"

"தலையத் தூக்குங்க!"

"தூக்காதீங்க!"

"கோஸ்தான் எடுங்கண்ணே, கோஸ்தான்!"

கிண்டலுக்குக் கத்தினவனும் இருந்தான். உண்மையிலேயே அவன் போய்ச் சேர வேண்டும் என்று கத்தினவனும் இருந்தான். நானும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. அவன் கை குழம்பியது. ஒரு கை தண்ணீரைப் பிடிக்க, ஒரு கை காற்றைப் பிடிக்க, ஆள் அப்படியே உள்ளே போனான். மிஸ் யாப் அவனை நோக்கி இரண்டு வீச்சு வைப்பதற்குள் காலை ஊன்றி எழுந்தான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர்.

"வாய மூடுங்க எல்லாரும்!" கூரையே அதிர்ந்தது. "ஒண்ணுமே புரியல எனக்கு!"

படி அமைதியானது. சோற்றை வாயில் வைத்தவன் மெல்லாமல் இருந்தான். ஸ்டானிஸ்லாஸ் மார்பளவு தண்ணீரில் நின்று மூச்சு வாங்கினான். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி அப்படியே நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பி, படியின் கடைசியில் இருந்த பெர்னிசைப் பார்த்தான்.

அவள்தான் பேசினாள். "அங்கிள், திரும்பப் போய் மொதல்லேருந்து எடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

திரும்பி நடந்து கரைக்குப் போனான். மறுபடி கிளம்பினான். யாரும் வாய் திறக்கவில்லை. பாதியில் நின்றான். எழுந்து, எதிர்க் கரை எவ்வளவு தூரம் என்று நிதானமாகப் பார்த்தான். மறுபடி தண்ணீரில் படுத்தான். இன்னும் கொஞ்ச தூரம் போய் இன்னொரு தடவை நின்று பார்த்தான். அப்படி நின்று நின்றுதான் போய்ச் சேர்ந்தான். கம்பியைப் பிடித்ததும் மிஸ் யாப், "பாகுஸ், அங்கிள்" என்றார், நல்லது என்று. டிரைவர்கள் கை முழுக்க சம்பலாக இருந்ததால் கைதட்டல் சரியாக வரவில்லை. உர்சுலா மட்டும் துண்டை உதறிப் போட்டுவிட்டுத் தட்டினாள்.

எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. நீந்தியது சரி, திங்கட்கிழமை?

திங்கட்கிழமை காலை விடியும்போதே போய்விட்டேன். அவன் டிரம் இரண்டையும் எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, அதே இடத்தில் வைத்திருந்தான். டிரைவர்கள் நின்றார்கள், ஆனால் தள்ளி, டயர் அடுக்கின பக்கம். நான் என் வழக்கமான இடத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்க மேல போங்க" என்றான்.

"எதுக்கு?"

"நீங்க நின்னா எல்லாரும் உங்க மூஞ்சியப் பாப்பாங்க. அவளும் பாப்பா."

"டேய், இது என் யார்டு."

"உங்க யார்டுதான். மேல போங்க."

இந்த யார்டில் சிமெண்டு கொட்டியது நான். கேட்டுக்கு இரும்பு வாங்கியது நான். என்னை மேலே போகச் சொல்ல ஒருவன் பிறந்திருக்கிறான் என்றால் அவனை வளர்த்ததும் நான். போனேன். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

பெர்னிஸ் ஏறினாள், வண்டியைக் கொண்டுவந்தாள், நிறுத்தினாள். கதவைத் திறந்து இறங்கினாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. கீழே ஸ்டானிஸ்லாசின் வாய் திறந்தது, மூடியது. அவள் பின்னால் போய் டிரம்மைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அவனும் போய் அவள் பக்கத்தில் நின்று அதையே பார்த்தான். எங்கள் யார்டில் இரண்டு பேர் சும்மா நின்று ஒரு இடத்தைப் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

ஏறிப் பின்னால் எடுத்தாள். வால் கோணிக்கொண்டது. முன்னால் எடுத்தாள். மறுபடி இறங்கினாள். வெளியே போக வேண்டிய வண்டி ஒன்று கேட்டுக்கு உள்பக்கம் நின்று ஹார்ன் அடித்தது. என் போன் அலறியது, துறைமுகத்திலிருந்து ஏஜெண்டு. "அங்கிள், வண்டி எங்க?" என்றான். "வரும்" என்று வைத்தேன். மறுபடி அடித்தான். வைத்தேன். ஜன்னல் கம்பியை நான் பிடித்த பிடியில் துரு கையில் ஒட்டிக்கொண்டது.

கண்டெய்னர் மெல்லப் பின்னால் வந்தது. ஸ்டானிஸ்லாசின் கை தகரத்தை நோக்கி மேலே போனது. அங்கேயே நின்றது. அந்தக் கையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். திணித்த பிறகும் அது உள்ளே அசைந்துகொண்டிருந்தது, மாடியிலிருந்தே தெரிந்தது. வண்டி இரண்டு டிரம்முக்கும் நடுவில் நுழைந்தது. ஒரு டிரம்மை உரசியது. டிரம் ஆடியது, ஆடியது, நின்றது. எஞ்சின் அணைந்தது.

"டிரம்மு ஆடிச்சு! ரொட்டி!" என்று பாலன் கத்தினான்.

"ஆடுனதுக்கெல்லாம் ரொட்டி கெடையாது. வாய மூடு" என்றான் ஸ்டானிஸ்லாஸ். பெர்னிஸ் இறங்கி வந்தாள். அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கொஞ்சம் கோணல். சரியாயிடும். நாளைக்கும் வருவியா?"

"எத்தன மணிக்கு, அங்கிள்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து ஏஜெண்டுக்கு நானே போன் போட்டேன். "வண்டி இப்ப கெளம்புது. டிரைவர் பேரு எழுதிக்கோ, பெர்னிஸ்" என்றேன். ஸ்டானிஸ்லாசை வேலையை விட்டுப் போகச் சொன்ன பேச்சு அதோடு முடிந்தது.

இதைப் படித்துவிட்டு அவன் இப்போது சாதுவாகிவிட்டான் என்று யாரும் வந்து பார்க்க வேண்டாம். போன புதன்கிழமை கூட டயர் கடைக்காரனைத் தெருவே கேட்கும்படி கிழித்தான். கோஸ்தான் நேரத்தில் மட்டும் கையைப் பைக்குள் வைத்துக்கொள்கிறான். நான் சொல்வது என்னவென்றால், நம் சங்கத்தில் இருக்கிற முதலாளிகள், மேனேஜர்கள், யார்டு பார்க்கிறவர்கள் எல்லாரும் சாகும் முன் ஒரு தடவையாவது தங்களுக்குச் சுத்தமாக வராத ஒரு வேலையில் போய் விழ வேண்டும். வயலினோ, நீச்சலோ, எதுவோ. அங்கே யாரும் உங்கள் பெயரைக் கேட்டு எழுந்து நிற்கக் கூடாது. எனக்கு நீச்சல் தேவையில்லை, நான் சின்ன வயதில் போதுமான அளவு முழுகியவன். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

பெர்னிஸ் வண்டி எடுத்த அதே வாரம் இன்னொன்று நடந்தது. சாயங்காலம் கணக்குப்பிள்ளை போன பிறகு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே மறைவில் ஸ்டானிஸ்லாசிடம் பேசுகிற பாலன் குரல். வழக்கமான குரல் இல்லை, தணிந்த குரல்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? எனக்கு எடது பக்கமா வளச்சு உள்ள ஏத்தறது இன்னிவரைக்கும் வராது. அந்த மாதிரி எடம் வந்தா வேற ஆளுகிட்ட வண்டிய மாத்திக் குடுத்துடுவேன்."

பதினைந்து வருஷமாக என்னிடம் ஓட்டுகிறவன். இது எனக்கும் தெரியாது, ஸ்டானிஸ்லாசுக்கும் தெரியாது. அவன் சிரிக்கவில்லை.

"ஆறு மணிக்கு மேல வா. பழகலாம். யாரும் இருக்க மாட்டாங்க."

"தவுக்கே இருப்பாரே?" தவுக்கே என்றால் முதலாளி, நான்தான்.

"அவர நான் வீட்டுக்கு அனுப்பிடறேன்."

நான் சத்தமில்லாமல் இரண்டு படி மேலே ஏறி, பிறகு செருப்பைத் தேய்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினேன். எனக்குத் தலை வலிக்கிறது, கேட்டை நீ பூட்டிக்கொள் என்று ஸ்டானிஸ்லாசிடம் சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கதவைத் திறந்த என் மனைவி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "கம்பெனி இருக்குதானே?" என்றாள். இருக்கிறது என்றேன். டிவியைப் போட்டேன், அணைத்தேன். ஹாலிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து ஹாலுக்கும் நடந்தேன். அந்த இடது பக்க வளைவைப் பாலனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாகச் சொல்லித்தர கிள்ளானில் ஆளில்லை. போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

"வெச்சுட்டு சாப்பிட வாங்க" என்றாள் அவள்.

வைத்துவிட்டுப் போனேன்.